சீட் கிடைத்த பிறகு பணம் தேடாதீர்கள்: பொது சுகாதார மேற்படிப்புக்கான உதவித்தொகைகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் மருத்துவ அலுவலராக இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்னோடு வேலை பார்த்த செவிலியர் ஒருவர் கூப்பிட்டார். "மேடம், லண்டன்ல எம்.பி.எச். சீட் கிடைச்சிருச்சு. செப்டம்பர்ல சேரணும். ஸ்காலர்ஷிப்புக்கு எங்க அப்ளை பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க மேடம்." குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை. அந்தச் செப்டம்பருக்கான பெரிய உதவித்தொகைகள் எல்லாமே பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பங்களை வாங்கி முடித்திருந்தன.

வருடத்துக்கு நாலைந்து பேராவது இப்படிக் கூப்பிடுகிறார்கள். பல் மருத்துவர், சித்த மருத்துவர், சமூகப்பணி படித்தவர், புள்ளியியல் படித்தவர் என்று எல்லாரும் உண்டு. எம்.பி.எச்., அதாவது பொது சுகாதார முதுகலை படிக்க எம்.பி.பி.எஸ். முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான இடங்களில் இல்லை. ஆனால் எல்லார் மனதிலும் ஒரே வரிசைதான் இருக்கிறது: முதலில் சீட், அப்புறம் பணம். கன்சல்டன்சிகள் சொல்லிக்கொடுக்கும் வரிசை அது. மாணவரைச் சேர்த்துவிட்டால் பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அவர்களுக்குக் கமிஷன் தருகின்றன. முழு உதவித்தொகைக்கு ஒரு வருடம் காத்திருங்கள் என்று சொல்வதில் அவர்களுக்கு லாபம் ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால், உதவித்தொகையின் கடைசித் தேதியைக் காலண்டரில் முதலில் குறியுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பம் அதைப் பின்தொடர்ந்து வரட்டும்.

அந்தத் தேதிகள் எவ்வளவு முன்னால் வருகின்றன என்று பாருங்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை வழக்கமாக ஆகஸ்ட்டில் திறந்து அக்டோபர், நவம்பர் வாக்கில் மூடிவிடும். படிப்பு தொடங்குவதோ அடுத்த வருடச் செப்டம்பரில். குறைந்தது 2 வருட வேலை அனுபவம் கேட்பார்கள், அதை 2,800 மணி நேரம் என்று கணக்கிடுவார்கள். படித்து முடித்ததும் 2 வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகை இன்னும் முன்னால் போய்விடும். அடுத்த வருடம் ஆகஸ்ட்டில் சேர்வதற்கு இந்த வருடம் மே வாக்கிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். அதன் பாடப்பிரிவுகளில் பொது சுகாதாரம் தனியாகவே இருக்கிறது. 3 வருட முழுநேர வேலை அனுபவம் வேண்டும். 4 வருடப் பட்டம் வேண்டும், அல்லது 3 வருடப் பட்டத்தோடு முதுகலை முடித்திருக்க வேண்டும். பி.எஸ்ஸி. நர்சிங் 4 வருடம் என்பதால் செவிலியர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். நான் பேசிய செவிலியர்களில் பலருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD), வளரும் நாடுகளில் வேலை பார்ப்பவர்களுக்கென்றே சில முதுகலைப் படிப்புகளைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகை தருகிறது. அதற்கும் 2 வருட அனுபவம் தேவை. ஒரு சிக்கல் உண்டு: கடைசியாக வாங்கிய பட்டம் பொதுவாக 6 வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. "இன்னும் கொஞ்ச நாள் சர்வீஸ் போடலாம்" என்று தள்ளிப்போட்டே இந்த வாய்ப்பைக் கைநழுவ விட்டவர்களை எனக்குத் தெரியும். அனுபவமே இல்லாதவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் பக்கம் பார்க்கலாம். பிரான்சின் ரென் நகரில் உள்ள பொது சுகாதாரக் கல்லூரி ஒருங்கிணைக்கும் 'யூரோபப்ஹெல்த்' படிப்பில் 2 வருடத்தையும் ஒரே நாட்டில் கழிக்க மாட்டீர்கள். எராஸ்மஸ் உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் கிடையாது, கைச்செலவுக்கு மாதம் 1,400 யூரோ.

செவிலியரின் கதைக்கு வருகிறேன். முன்பணம் கட்டும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டை அடமானம் வைக்கலாம் என்று அவர் அப்பா சொல்லியிருந்தார். நான் அவரை நேரில் வரச் சொன்னேன். வரும்போது உதவித்தொகைக்காக எழுதி வைத்திருந்த கட்டுரையையும் கொண்டுவந்தார். மனித குலத்துக்குச் சேவை செய்வதே லட்சியம், சிறு வயது முதலே கனவு என்று ஒன்றரைப் பக்கம். அதில் அவர் பார்த்த வேலை ஒரு வரிகூட இல்லை.

"சிஸ்டர், அந்த டெங்கு வருஷத்துல நீங்க என்ன பண்ணீங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்றேன்.

கொஞ்சம் கூச்சத்தோடுதான் ஆரம்பித்தார். அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் பதிவேட்டை எழுதிக்கொண்டே இருந்தபோது, இரண்டே தெருக்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருக்கிறார். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் அந்தத் தெருக்களை வரைந்து, காய்ச்சல் வந்த வீடுகளுக்குப் புள்ளி வைத்திருக்கிறார். விடுமுறை நாளில் சுகாதார ஆய்வாளரோடு அங்கே போய்ப் பார்த்தால், கொல்லைப்புற ஆட்டுக்கல்லில் நீர், ஃபிரிட்ஜின் பின்தட்டில் நீர், எல்லாவற்றிலும் புழு. அதைவிட முக்கியமாக, வீட்டுக்கு மூன்று நான்கு டிரம்களில் குடிதண்ணீர். அந்தத் தெருக்களுக்குக் குழாய்த் தண்ணீர் 8 நாளைக்கு ஒருமுறைதான் வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. இப்படிச் சேர்த்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். 'தண்ணீரைக் கொட்டுங்கள்' என்று சொன்னால் அந்தப் பெண்கள் எப்படிக் கொட்டுவார்கள்? பழைய வேட்டியைக் கிழித்து டிரம் வாயில் கட்டச் சொல்லியிருக்கிறார். வாரம் ஒருநாள் போய் அவிழ்த்தும் பார்த்திருக்கிறார்.

"இதெல்லாம் போய் எழுதணுமா மேடம்?" என்று கேட்டார்.

இதைத்தான் எழுத வேண்டும். உதவித்தொகை தருகிறவர்கள் உங்கள் மதிப்பெண்ணுக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை. நீங்கள் திரும்பி வந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதற்குக் கொடுக்கிறார்கள். அதற்கு அவர்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம், நீங்கள் ஏற்கெனவே என்ன செய்திருக்கிறீர்கள் என்பதுதான். பதிவேட்டில் ஒரு தெருவின் பெயர் திரும்ப வருவதைக் கவனிப்பதே தொற்றுநோயியலின் முதல் பாடம். அதைப் பாடமாகப் படிக்காமலே அவர் செய்திருந்தார்.

அந்த மே மாத சீட்டை அவர் விட்டுவிட்டார். வருத்தம்தான். ஆனால் வீடு தப்பியது.

சமூக அடிப்படையிலான திட்டங்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பயன்படுத்த வேண்டியவர்களுக்கே இவை போய்ச் சேருவதில்லை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்தில், ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு வெளிநாட்டு முதுகலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 125 இடங்கள். அவற்றில் மிகப் பெரும்பான்மை பட்டியல் சாதியினருக்கு, மீதி சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் போன்றோருக்கு. வயது 35-க்குள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், 60 சதவீத மதிப்பெண். பழங்குடியினருக்கு அவர்களுக்கான அமைச்சகம் தனியாக ஒரு திட்டம் வைத்திருக்கிறது.

இந்த மத்தியத் திட்டத்தில் பொது சுகாதார மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகம் கியூ.எஸ். உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 1899-இல் தொடங்கிய லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன், இந்தத் துறையில் உலகமே மதிக்கும் கல்லூரி. ஆனால் அது ஒரே துறைக்கான நிறுவனம் என்பதால், பல துறைப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் அந்தப் பொதுப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. சுவீடனின் மருத்துவப் பல்கலைக்கழகமான கரோலின்ஸ்காவும் அப்படித்தான். துறை நன்றாக இருக்கிறதே என்று விண்ணப்பித்துவிட்டுப் பிறகு தலையில் கை வைக்காமல், கல்லூரியின் பெயரை முதலிலேயே பட்டியலில் தேடிப் பாருங்கள்.

உள்ளூரிலேயே கேட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கதவு ரோட்டரி. அதன் உலகளாவிய மானியத்தின் கீழ் வெளிநாட்டு முதுகலைப் படிப்புக்குக் குறைந்தபட்சம் 30,000 டாலர் அளவில் உதவித்தொகை உண்டு. நோய்த்தடுப்பும் தாய்சேய் நலமும் அவர்கள் குறித்து வைத்திருக்கும் துறைகளிலேயே வருகின்றன. உங்கள் ஊர் ரோட்டரி கிளப் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், அவர்களின் கண் பரிசோதனை முகாமில் நீங்கள் வேலை செய்திருந்தால் அந்த அறிமுகமே பாதி வேலையை முடித்துவிடும். ஜே.என். டாடா அறக்கட்டளை 1892-இல் இருந்து கொடுத்துவரும் உதவி, கடன் வகை. திருப்பிக் கட்ட வேண்டும். வங்கிக் கடனை மட்டும் நம்பி எம்.பி.எச். படிக்கப் போவதை நான் ஆதரிப்பதில்லை. இந்தத் துறையில் ஊருக்குத் திரும்பி வாங்கும் சம்பளம் அந்தத் தவணையைத் தாங்காது. கடனுக்குப் பயந்தே திரும்பி வராமல் போனவர்களும் இருக்கிறார்கள்.

அமெரிக்கா போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே எம்.பி.எச். என்பது தொழில்முறைப் பட்டம். பல்கலைக்கழகத் துறைகள் தரும் பண உதவி அதற்கு வருவது குறைவு. ஆராய்ச்சி சார்ந்த முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும்தான் உதவியாளர் பணியும் கட்டணச் சலுகையும் அதிகம். ஆராய்ச்சியில் நிஜமாகவே ஆர்வம் இருந்தால் அந்தப் பக்கம் விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம்.

வெளிநாடுதான் போக வேண்டும் என்றும் இல்லை. இந்தியாவின் முதல் எம்.பி.எச். படிப்பு 1997-இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் தொடங்கியது. சென்னை அயப்பாக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது, புதுச்சேரியில் ஜிப்மர், வேலூரில் சி.எம்.சி. இருக்கின்றன. நம் ஊர்க் காசநோயை, நம் ஊர்ச் சர்க்கரை நோயை வைத்துப் பாடம் நடக்கும்.

ஆவணங்களில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன். இளம் வயதில் ஒரு உதவித்தொகைக்கு நான் கேட்ட மதிப்பெண் தொகுப்பு (டிரான்ஸ்கிரிப்ட்) ஒரு அலுவலகத்தில் ஆறு வாரம் கிடந்தது. கைக்கு வந்தபோது கடைசித் தேதி கடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரமா என்ற விவரம் மூன்றும் இருக்கட்டும். 'நன்னடத்தை உடையவர்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அப்புறம் நம்முடைய இனிஷியல். சான்றிதழில் 'எஸ்.' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும், ஆங்கிலத் தேர்வுச் சான்றிதழில் இன்னொரு விதமாக வரும். மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்கவே சிலருக்கு ஒரு மாதம் போயிருக்கிறது. தேர்வுக்குப் பதியும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைக் கொடுங்கள். சாதி, வருமானச் சான்றிதழ்களை ஜூன் மாதமே வாங்கி வைத்துவிடுங்கள்.

உதவித்தொகை வாங்கித் தருகிறேன், பிராசசிங் ஃபீஸ் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். செவனிங்குக்கோ ஃபுல்பிரைட்டுக்கோ விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது.

செவிலியர் அந்த ஆகஸ்ட்டிலேயே உட்கார்ந்து செவனிங்குக்கு எழுதினார். கிடைக்கவில்லை. அடுத்த சுற்றில் அவருக்கு நான் சொன்னது, உலக சுகாதார நிறுவனம் சார்ந்த, வெப்பமண்டல நோய்கள் ஆராய்ச்சிக்கான டி.டி.ஆர். திட்டத்தின் முதுகலை உதவித்தொகை. இதைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை. தாக்காவின் பிராக் பல்கலைக்கழகம், யோக்யகர்த்தாவின் கஜா மாடா, கானா, ஜாம்பியா என்று சில இடங்களில் நடக்கிறது. மருந்தும் வழிமுறையும் கையில் இருந்தும் அவை ஏழைகளைச் சென்றடையாதது ஏன் என்று ஆராய்வதுதான் அங்கே பாடம். 6 மாதம் சாப்பிட வேண்டிய காசநோய் மாத்திரையை ஒருவர் மூன்றாம் மாதம் நிறுத்திவிடுகிறாரே, அது எதனால் என்பது போன்ற கேள்விகள்.

"தாக்காவுக்கா?" என்று அவர் அப்பா இரண்டு முறை கேட்டாராம். லண்டன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லியாகிவிட்டது, பாவம்.

போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். ஒரு குடியிருப்பு மாடி, வரிசையாக நீல நிற டிரம்கள், ஒன்றின் வாயில் மட்டும் துணி கட்டியிருந்தது. கீழே எழுதியிருந்தார்: "மேடம், இங்கயும் தண்ணி தினமும் வர்றதில்லை."