பணிமிகுப்பு

பாளையங்கோட்டையில் சி++ என்ற நிரல் மொழிக்கு நான் எடுக்கும் மாலை வகுப்பில் 'ஆபரேட்டர் ஓவர்லோடிங்' என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவர் எழுந்தார். அவருடைய தந்தை களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர். "ஓவர்லோடு குற்றம் ஆயிற்றே சார், சி++ மொழி மட்டும் அதை எப்படி அனுமதிக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆங்கிலப் பெயரே ஆளை வழிதவற வைக்கிறது.

'ஆபரேட்டர்' என்பதன் வேர், வேலையைக் குறிக்கும் 'ஓபுஸ்' என்ற லத்தீன் சொல். வேலை செய்பவரைச் சுட்டிய பெயர், பின்னர் கணிதத்தில் வேலை செய்யும் குறிக்கும் ஆயிற்று. தமிழில் செயற்குறி (+, = போன்றவை); குறையே இல்லாத பெயர். 'லோடு' பழைய ஆங்கிலத்தில் வழி, பயணம் என்று பொருள்பட்டு, பிறகு சுமந்து செல்வதையும் சுமையையும் குறித்தது. அதை 'மிகைச்சுமை' என்று பெயர்த்தால் அச்சு முறிந்த லாரிதான் கண்முன் வரும். பள்ளிப் பாடநூல் வழக்கான 'பணிமிகுப்பு' எவ்வளவோ மேல்: குறி பழையதே, நிரல் எழுதுபவர் வகுத்த புதுவகைத் தரவுகளுக்கும் வேலை செய்யும்படி அதன் பணி கூடியிருக்கிறது.

கருத்து நமக்குப் புதிதில்லை. நெல்லைச் சீமையில் கோட்டை என்றால் அரண். செங்கோட்டையும் பாளையங்கோட்டையும் அப்படிப் பெயர் பெற்றவை. 21 மரக்கால் கொண்ட நெல்லளவும் கோட்டைதான். 'பத்துக் கோட்டை நெல்' என்றால் யாரும் மதிற்சுவரைத் தேடுவதில்லை. பக்கத்துச் சொல் பொருளை முடிவு செய்துவிடுகிறது. தொல்காப்பியம் இதைப் 'பலபொருள் ஒருசொல்' என்கிறது. 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' பொருள் தெளியும் என்று வழியும் சொல்கிறது. அதன் சொல்லதிகாரத்துக்கு உரை கண்ட சேனாவரையர், கொற்கையை அடுத்த ஆற்றூர்க்காரர் என்று கருதப்படுபவர். நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) செய்வதும் இதே வேலைதான். + குறியின் இருபுறமும் நிற்கும் மதிப்புகளான செயலேற்பிகளின் இனத்தை (எந்த வகைத் தரவு என்பதை) பார்த்து, எந்தச் செயற்கூற்றை (வேலையைச் செய்யும் நிரல் பகுதியை) அழைப்பது என்று நிரல் ஓடுவதற்கு முன்பே தீர்மானிக்கிறது.

'நெல்லளவு' என்று ஓர் இனக்குழு (கிளாஸ், அதாவது நிரலரே வகுக்கும் தரவு இனம்) எழுதிப் பாருங்கள். 2 கோட்டை 15 மரக்காலோடு 1 கோட்டை 10 மரக்கால் கூடினால் 4 கோட்டை 4 மரக்கால். ஒவ்வொரு 21 மரக்காலையும் ஒரு கோட்டையாக மாற்றும் கணக்கை ஒருமுறை + குறிக்குக் கற்பித்துவிட்டால், பிறகு நிரலில் வெறும் + போதும். ஜாவா இந்த உரிமையை நிரலருக்குக் கொடுக்கவில்லை. சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, இணைக்கும் + அந்த மொழியே வைத்துக்கொண்ட விலக்கு.

சி++ கொடுக்கிறது, ஆனால் வரம்போடு. செயலேற்பிகளில் ஒன்றாவது நிரலர் வகுத்த இனமாக இருக்க வேண்டும். இரண்டு முழு எண்களின் கூட்டலை யாரும் மாற்ற முடியாது. இல்லாத குறியைப் படைக்க முடியாது. உறுப்பை அணுகும் புள்ளி, ::, ?: ஆகியவற்றைத் தொட முடியாது. =, [], () ஆகியவற்றை இனக்குழுவின் உறுப்பாகவே எழுத வேண்டும். && குறிக்குப் பணி மிகுக்க அனுமதி உண்டு, ஆனாலும் வேண்டாம் என்பேன். இரண்டு பக்கமும் மெய்யா என்று பார்க்கும் குறி அது; இடப்பக்கம் பொய்யானால் வலப்பக்கத்தைப் பாராமல் விடுவது அதன் இயல்பு. பணி மிகுத்தால் அந்த இயல்பு போய்விடும், இரண்டு பக்கமும் கணக்கிடப்படும்.

அதிகம் பேர் விழும் குழி முன்னுரிமை, அதாவது எந்தக் குறியை முதலில் கணக்கிடுவது என்ற வரிசை. குறிக்குப் புதுப் பணி கொடுக்கலாம், அதன் முன்னுரிமை பிறந்தபடியேதான் இருக்கும். ^ குறிக்கு அடுக்கு காணும் பணியைக் கொடுத்துவிட்டு அ + ஆ ^ 2 என்று எழுதினால், கணிதம் படித்த கண் ஆ-வின் வர்க்கத்தைத்தான் முதலில் காணும். நிரல்பெயர்ப்பியோ (அ + ஆ) ^ 2 என்று எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் சி++ மொழியில் ^ எப்போதும் + குறிக்குப் பின்னால்தான். பிழைச்செய்தி வராது, விடை மட்டும் தவறாக வரும். அடுக்கு வேண்டுமானால் 'அடுக்கு' என்றே ஒரு செயற்கூறு எழுதிக்கொள்ளுங்கள்.