முறுக்கு மாவில் ஆறு, முறுக்கில் ஐந்து

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உணவுத் தொழில்நுட்பத் துறையில் பணிபுரியும் என்னிடம், அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கும் பெண்கள் அடிக்கடி கேட்பது, பொட்டலத்தின்மேல் ‘நார்ச்சத்து மிக்கது’ என்று போட்டுக்கொள்ளலாமா என்பதுதான். அரிசிமாவில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டுச் சோளமாவு சேர்த்தால் போதும் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். (சோளம் என்றதும் இங்கே பலருக்கு மீலி எனப்படும் மக்காச்சோளம்தான் நினைவுக்கு வருகிறது, நான் சொல்வது ஜூலு மக்கள் அமபேலே என்று அழைக்கும் சோளத்தை.)

தவிடு நீக்காத சோளமாவு 50 கிராம், அரிசிமாவு 30, கடலைமாவு 20, எள் 5 என்று கலந்தால் அதில் ஏறத்தாழ ஆறரை கிராம் நார்ச்சத்து இருக்கும். கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் வழிகாட்டுதலின்படி 100 கிராம் பண்டத்தில் 6 கிராம் இருந்தால் ‘மிக்கது’ எனலாம், 3 கிராம் இருந்தால் ‘உள்ளது’ எனலாம். காகிதத்தில் தேறிவிட்டோம். ஆனால் பொரித்த முறுக்கின் எடையில் 30 விழுக்காடு எண்ணெய் என்று வைத்துக்கொண்டால், அந்த 105 கிராம் மாவு ஈரம் வற்றி, எண்ணெய் குடித்து, 140 கிராம் அளவுக்கு வந்துவிடுகிறது. எண்ணெயில் நார்ச்சத்து துளியும் இல்லாததால் 100 கிராம் முறுக்கில் 5 கிராம்கூடத் தேறாது. தவிட்டை இன்னும் அள்ளிப் போட்டுக் கணக்கை நேர்செய்யலாம்தான், தின்பதற்கு ஆள் வேண்டுமே!

முதல் சோதனையில் மாவு கொரகொரப்பாக இருந்ததால் அச்சிலிருந்து இறங்கிய இழை விரற்கடை நீளத்துக்கு ஒருமுறை அறுந்து விழுந்தது. சுட்டதை வாயில் போட்டுப் பார்த்த பாட்டி ஒருவர், “தம்பி, பல்லு இல்லாதவங்களுக்கு வேற செஞ்சு கொடு” என்றார். மாவைச் சலித்து, சல்லடையில் தங்கிய கப்பியைக் கொட்டிவிடாமல் (நாம் தேடும் நார்ச்சத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது) மறுபடி அரைத்துச் சேர்த்தோம். தவிடு மெதுவாகவே நீரை இழுக்கும் என்பதால், பிசைந்த மாவை இருபது நிமிடம் மூடி வைத்த பிறகே பிழிந்தோம். இழை அறாமல் வந்தது.

ஆளிவிதைப் பொடி சேர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அரைத்த ஆளிவிதையின் எண்ணெய் காற்றுப் பட்டுச் சீக்கிரம் சிக்கு வாடை பிடித்துவிடும் என்பதால், வாரக்கணக்கில் கடையில் கிடக்கும் பண்டத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

அந்தப் பெண்களின் பொட்டலத்தில் ‘நார்ச்சத்து உள்ளது’ என்றே அச்சிட்டோம்.