சார்ஜ் என்றால் சுமை

ஊரிலிருந்து போனில் பேசும்போது அம்மா பாதியில் சொல்வார்: "சார்ஜ் இறங்கிடுச்சுப்பா, ஏத்திட்டு அப்புறம் பேசறேன்." பல வருடம் இதைக் கேட்டும், இந்த ஏற்றமும் இறக்கமும் எங்கிருந்து வந்தன என்று யோசித்ததில்லை. லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் பேச்சு அது. சார்ஜ் என்ற சொல்லும் வண்டியில்தான் பிறந்தது என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்றைய பிரான்ஸ் இருக்கும் பகுதியில் வாழ்ந்த கெல்ட் மக்கள் வண்டியை 'கர்ரோஸ்' என்றார்கள். ரோமானியர் அதை வாங்கி 'கர்ருஸ்' ஆக்கினார்கள். அதிலிருந்து வந்தது பிற்கால லத்தீனின் 'கர்ரிகாரே', அதாவது வண்டியில் பாரம் ஏற்றுதல். அது பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குப் போய் சார்ஜ் ஆனது. கார், கார்கோ எல்லாம் இதன் பங்காளிகள். கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் கேரிகேச்சரும் அப்படித்தான்: மூக்கையோ காதையோ அளவுக்கு மீறிப் 'பாரம் ஏற்றி' வரைந்த படம்.

சுமை என்ற இந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாக அவிழும்.

துப்பாக்கியில் திணிக்கும் வெடிமருந்தும் ஒரு சுமைதான், அதனால் அதுவும் சார்ஜ். 1740களில் லெய்டன் சாடி என்ற கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கக் கற்றார்கள். அதை வைத்து ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின், குடுவையை நிரப்புவதற்கும் இதே சொல்லைப் பயன்படுத்தினார். பீரங்கி வரிசையைக் குறித்த பேட்டரி என்ற சொல்லை மின்சாரத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

இந்த மின்சார சார்ஜுக்குத் தமிழில் மூன்று சொற்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல் மின்னூட்டம் என்கிறது. வேதியியல் பாடநூலில் 'அணுக்கரு மின்சுமை' என்று வரும். இலங்கைப் பாடநூல்களில் அது ஏற்றம்: புரோத்தனுக்கு நேரேற்றம், இலத்திரனுக்கு மறையேற்றம். சுமை, ஏற்றம் இரண்டும் சார்ஜின் முதல் அர்த்தத்தை அப்படியே தொடுகின்றன. ஊட்டம் சோறூட்டும் கையை நினைவுபடுத்துகிறது. மூன்றுமே நல்ல சொற்கள்.

ஆனால் போன் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சார்ஜ் போடும்போது பேட்டரிக்குள் மொத்த மின்னூட்டம் கூடுவதில்லை. லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கின்றன, ஆற்றல் வேதி வடிவில் சேர்கிறது, அவ்வளவுதான். எனவே பொருளின் பண்பைச் சொல்ல மின்னூட்டம், பேட்டரியை நிரப்பும் செயலுக்கு மின்னேற்றம் என்று பிரித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. சார்ஜர் மின்னேற்றி. மின்வண்டிகள் வந்து நிற்கும் இடம் மின்னேற்ற நிலையம். அம்மாவின் பேச்சில் இருக்கும் 'ஏத்து'தான் இவற்றிலும் இருக்கிறது.

அடுத்து அலுவலகம். 'இன்சார்ஜ்', 'சார்ஜ் எடுத்துக்கிட்டார்' என்ற இடங்களில் தமிழ்ச்சொல் பொறுப்பு. பள்ளி அறிவிப்பில் 'தலைமை ஆசிரியர் (பொறுப்பு)' என்று பார்த்திருப்பீர்கள். பொறு என்றால் தாங்குவது. பாரம் பொறுக்காமல் கிளை முறிந்தது என்கிறோம் அல்லவா? ஆங்கிலம் வண்டியில் ஏற்றிய அதே பாரத்தைத் தமிழ் தோளில் வைத்திருக்கிறது. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை, இரண்டு மொழியும் தனித்தனியே அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன.

குற்றத்துக்கும் அப்படியே. நாம் குற்றம் 'சுமத்துகிறோம்'. தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் அஞ்சும் '17 பி சார்ஜ்' என்பது ஒழுங்கு நடவடிக்கை விதியின்படி தரப்படும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. நீதிமன்றச் செய்திகளில்தான் குழப்பம் அதிகம். விசாரணை முடித்துப் போலீஸ் தாக்கல் செய்வது சார்ஜ் ஷீட், குற்றப்பத்திரிகை. அதைப் படித்துப் பார்த்து, இன்னின்ன பிரிவுகளில் வழக்கு நடக்கும் என்று நீதிமன்றம் எழுதுவதுதான் சார்ஜ். அதைக் குற்றச்சாட்டு வனைதல் என்பார்கள். இரண்டும் வேறு. முகாந்திரம் இல்லையென்றால் வனையும் முன்பே நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவிக்கும். அது டிஸ்சார்ஜ், சுமையை இறக்கிவைப்பது. நீதிமன்ற விசாரணை முழுதாக நடந்து முடிந்தபின் கிடைக்கும் விடுதலையோடு அதைச் சேர்த்து எழுதக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆவதும் இதே சொல்தான், அங்கே 'வீடு திரும்பினார்' என்பதைவிட இதமான தமிழ் வேறு வேண்டாம்.

லத்தி சார்ஜில் வருவது பாய்ந்து தாக்குதல் என்ற பொருள். ஆயுதத்தை நிரப்பித் தயாராவதிலிருந்து அது கிளைத்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஆங்கிலச் சொல்லில் பாய்ச்சல்தான் தெரிகிறது, விழுந்த அடி தெரிவதில்லை. தடியடி என்று எழுதினால் அடி அடியாகவே தெரியும். செய்தி எழுதுபவர்கள் தயவுசெய்து அதையே எழுதுங்கள்.

பஸ் சார்ஜ், ஆட்டோ சார்ஜ் எல்லாம் கட்டணம். அதில் சிக்கலே இல்லை. ஆனால் எல்லாச் சார்ஜும் கட்டணம் ஆகாது. போன மாதம் அரிசி மண்டியில் வாங்கிய பில்லில் மூட்டை விலைக்குக் கீழே 'லோடிங் சார்ஜ்' என்று தனியாக ஒரு வரி இருந்தது. என் பின்னால், மூட்டையை வண்டியில் வைத்துவிட்டுத் தோள் துண்டை உதறியபடி வந்த பெரியவர் முதலாளியிடம் கேட்டார்: "ஏத்துக்கூலி போட்டாச்சாண்ணே?"