அமெரிக்கக் காரைப் பிரிட்டனில் பதிய: விளக்குகளில் எதை மாற்ற வேண்டும்?

அமெரிக்காவில் கார் விளக்குகளுக்கு எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 108 என்ற மத்திய அரசின் வாகனப் பாதுகாப்பு விதி. விதிப்படி செய்திருக்கிறோம் என்று தயாரிப்பாளரே உறுதி சொல்லி, விளக்கின் கண்ணாடியில் ‘டாட்’ (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கப் பெயர்) என்று பொறித்துவிடலாம். பிரிட்டனில் ஐ.நா. விதிகளின்படி ஓர் அரசு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அதன் அடையாளம் வட்டத்துக்குள் ‘ஈ’. தயாரித்து 10 ஆண்டு ஆகாத கார் ஐ.வி.ஏ. எனும் தனி வாகன ஒப்புதல் சோதனைக்குப் போக வேண்டும். அதைவிடப் பழையதற்கு எம்.ஓ.டி. எனும் வழக்கமான வாகனத் தகுதிச் சோதனை.

அதிக வேலை வைப்பது பின் இண்டிகேட்டர். அமெரிக்காவில் அது சிவப்பாக இருக்கலாம், பிரேக் லைட்டே சிமிட்டினாலும் செல்லும். பிரிட்டனில் 1965 செப்டம்பர் 1 முதல் சாலைக்கு வந்த கார்களுக்கு ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) நிறம் கட்டாயம். சிவப்புக் கண்ணாடிக்குள் ஆம்பர் பல்பைப் போட்டுப் பயனில்லை, வெளியே சிவப்பாகத்தான் தெரியும். அதே மாடலின் ஐரோப்பிய டெயில் லைட் கிடைத்தால் அதையே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் தனி ஆம்பர் விளக்கு வைத்து, பிரேக் வயரையும் இண்டிகேட்டர் வயரையும் பிரிக்க வேண்டும். அந்த இடத்தில் எல்.இ.டி. போட்டால் இழுக்கும் கரண்ட் குறைவு. பல்பு போய்விட்டதாக எடுத்துக்கொண்டு இண்டிகேட்டர் படபடவென அடிக்கும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைதான் அனுமதி. கூடுதல் கரண்ட் இழுக்கும் லோடு ரெசிஸ்டர் போட்டோ, சிமிட்ட வைக்கும் கருவியான ஃபிளாஷரை மாற்றியோ சரிசெய்யலாம்.

அடுத்தது ஹெட்லைட். வலப்பக்கம் ஓட்டும் நாட்டு டிம் லைட், வலது சாலையோரத்தைக் காட்டத் தூக்கி அடிக்கும். இடப்பக்கம் ஓட்டும் பிரிட்டனில் அந்த ஒளி எதிரே வருபவர் கண்ணில் விழும். ஸ்க்ரூவைத் திருகி இறக்கினாலும் ஒளியின் வடிவம் மாறாது. விளக்கில் அந்த ஒளியை மறைக்க ஒட்டும் ஸ்டிக்கர் சுற்றுலா வருபவருக்குச் சரி, குடியேறுபவருக்கு முழு விளக்கையும் மாற்றுவதே வழி. வாங்கும்போது விளக்குக்கு எதிரே நின்று ‘ஈ’ முத்திரை அருகே பாருங்கள்: அம்பு உங்கள் வலப்பக்கம் காட்டினால் இடப்பக்கப் போக்குவரத்துக்கானது. அம்பே இல்லையென்றால் வேண்டாம். இருமுனை அம்பு என்றால் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

பனிமூட்டத்தில் பின்னால் வருபவருக்குத் தெரிய எரியும் பின்புற ஃபாக் லைட்டை அமெரிக்க விதி கேட்பதில்லை. பிரிட்டனில் ஒன்றாவது வேண்டும். நடுவிலோ வலப்பக்கமோ, பிரேக் லைட்டிலிருந்து 100 மி.மீ.க்குக் குறையாமல் தள்ளி வைத்து, எரிவதைக் காட்ட டாஷ்போர்டில் ஒரு விளக்கும் தர வேண்டும். பிரேக் மிதித்தால் எரியும்படி இணைத்துவிடக் கூடாது. பக்கவாட்டு இண்டிகேட்டர் இல்லாத மாடலுக்கு இருபுறமும் ஒவ்வொன்று சேர்க்க வேண்டும்.

அமெரிக்கக் கார்களின் பக்கவாட்டில் எரியும் மார்க்கர் விளக்குகளைக் காசு கொடுத்துக் கழற்ற வேண்டாம். முன்னது ஆம்பர், பின்னது வண்டியின் பின்முனையிலிருந்து 1 மீட்டருக்குள் இருந்தால் சிவப்பு என்றே இருக்கலாம்.