ரிசர்வ் போலீஸுக்குத் தமிழ் ‘ஒதுக்கீட்டு அதிகாரி’யா?

போலீஸ் செலக்சனுக்குத் தயாராகும் பையன்கள் விடிவதற்கு முன்பே கடற்கரை மணலில் ஓடுவது எங்கள் பக்கம் தினசரிக் காட்சி. பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் எங்கே போனாலும் நாலு பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். அதில் ஒருவன் என் அக்கா மகன். போன வாரம் வேர்வையைத் துடைத்துக்கொண்டே போனை நீட்டி, “மாமா, தன்னார்வ ஒதுக்கீட்டு அதிகாரின்னு போட்டிருக்கே, இது என்ன கோட்டா? நம்மளுக்கு வருமா?” என்றான்.

வாங்கிப் பார்த்தேன். அமெரிக்காவில் போலீஸுக்கு எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ தமிழாக்கிய கட்டுரை. ஆங்கிலத்தில் ரிசர்வ் ஆபீசர் என்று இருந்ததுதான் இங்கே வந்து ‘ஒதுக்கீட்டு அதிகாரி’ ஆகியிருக்கிறது. இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது முதல் தடவை இல்லை. முன்பு பார்த்தபோதெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு கடந்துபோனேன். இந்தத் தடவை ஒரு பையன் உண்மையாகவே ஏமாந்திருக்கிறான். அவன் மேல் தப்பில்லை. விளையாட்டு வீரர் ஒதுக்கீடு, முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீடு, காவலர் வாரிசு ஒதுக்கீடு என்று சீருடைப் பணியாளர் தேர்வு அறிவிப்பைத் தலைகீழாகப் படித்து வைத்திருப்பவனுக்கு அந்தச் சொல் வேறு எதைச் சொல்லும்? தமிழ்நாட்டில் ஒதுக்கீடு என்றால் இடஒதுக்கீடு. அதை ரிசர்வ் போலீஸுக்கு மாட்டிவிட்டால் ‘கோட்டாவில் வந்த போலீஸ்’ என்றுதான் பொருள் வரும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் என்பதன் மூலம் லத்தீன், பின்னால் வைத்துக் காத்தல் என்று பொருள். பைக்கில் பெட்ரோல் ‘ரிசர்வுக்கு வந்திருச்சு’ என்கிறோமே, அதே பொருள்தான். போலீஸ் என்பது கிரேக்கத்தில் நகரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆக, போலீஸுக்குள்ளேயே ஒரு ஊர் இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், போலீஸ் துறையில் ரிசர்வ் என்ற ஒரே சொல் இரண்டு வேறு ஆட்களைக் குறிக்கிறது. நம் ஊரில் ஆர்ம்டு ரிசர்வ் என்றால் முழுநேர அரசு ஊழியர், மாதச் சம்பளக்காரர், எந்த ஸ்டேஷனோடும் ஒட்டாமல் மாவட்டத் தலைமையிடத்தில் இருப்பவர், தேவைப்படும் இடத்துக்கு அனுப்பப்படுபவர். அமெரிக்க ரிசர்வ் ஆபீசரோ பெரும்பாலும் வேறு தொழில் வைத்திருப்பவர், ஓய்வு நேரத்தில் சம்பளம் வாங்காமலோ சொற்பத் தொகைக்கோ சீருடை போட்டு ரோந்து போகிறவர். இங்கிலாந்தில் இந்த ஆளுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்று பெயர், 1831-லேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். ஆங்கிலக்காரர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்? தமிழ் இதை எப்போதோ பிரித்துவிட்டது: முதலாமவர் ஆயுதப்படை, இரண்டாமவர் ஊர்க்காவல் படை. ஆயுதப்படை என்ற பெயரில் ரிசர்வ் என்பதற்கு ஒரு எழுத்துகூட இல்லை, அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. என் மருமகன் தேர்வானாலும் முதலில் ஆயுதப்படைக்கோ சிறப்புக் காவல் படைக்கோதான் போவான். இந்த மொழிபெயர்ப்பாளர் கையில் சிக்கினால் பொதுப் பிரிவில் ஓடி, கயிறு ஏறி, பரீட்சை எழுதி வந்தவனும் ‘ஒதுக்கீட்டுக் காவலர்’ ஆகிவிடுவான்!

அடுத்து ‘சேமக் காவலர்’. இதைத் தூக்கிப் பிடிப்பவர் என் நண்பர் ஒருவர், தனித்தமிழ் ஆர்வலர். மத்திய ரிசர்வ் போலீஸை ‘மத்திய சேமக் காவல் படை’ என்று எழுதுகிறார்கள், அதே வழியில் போவோம் என்கிறார். பழைய தமிழில் சேமத்தேர் உண்டு, போர்க்களத்தில் ஏறிய தேர் ஒடிந்தால் மாறிக்கொள்ள வைத்திருக்கும் தேர் அது, இதைவிட என்ன வேண்டும் என்று கேட்கிறார். அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் சேமமே வடமொழி க்ஷேமம் என்பதை அவரிடம் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார். அதை விடுங்கள், எனக்குத் தூய்மை பெரிய கவலை இல்லை. தேரைக் கொட்டகையில் நிறுத்தி வைக்கலாம். தானாக முன்வரும் ஆளை எந்தக் கொட்டகையில் நிறுத்துவது? சேமம் என்றதும் இன்றைக்குக் காதில் விழுவது சேமிப்பும் சேமநல நிதியும்தான். தேர்தல், கலவரம், காஷ்மீர் என்று வருடம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் மத்தியப் படையைச் சேமித்து வைத்த படை என்பதே எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. ரிசர்வ் ஃபாரஸ்டைக் காப்புக்காடு என்று யாரோ வைத்தார்கள், ரயில் ரிசர்வேஷனை முன்பதிவு என்று யாரோ வைத்தார்கள். அவர்கள் அகராதியை மட்டும் பார்க்கவில்லை, அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள்.

அப்படிப் பார்த்து வைத்த பெயர்தான் ஊர்க்காவல் படை. ஆங்கிலத்தில் ஹோம் கார்டு. 1940-ல் போர்க்காலத்து பிரிட்டனில் எழுந்த பெயர். இந்தியாவில் 1946 டிசம்பரில் பம்பாயில் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் 1963-ல் சட்டம் வந்தது. இன்றைய ஆட்கள் கையில் அது கிடைத்திருந்தால் ‘வீட்டுக் காவலர்’ என்று போட்டிருப்பார்கள், வீட்டுக்காவல் என்றால் ஆளை வீட்டுக்குள் அடைத்து வைப்பது என்றுகூட யோசித்திருக்க மாட்டார்கள். பெயர் வைத்த புண்ணியவான் ஹோம் என்பதை ஊர் என்று ஆக்கினார். வெளியூரில் வேலை செய்பவன் லீவுக்கு ‘ஊருக்குப் போறேன்’ என்கிறானே, அந்த ஊர். போலீஸுக்குள் ஒளிந்திருக்கும் ஊரும் அதுவேதான். சொல்லும் புதிதில்லை. மதுரைக் காஞ்சியில் நடுராத்திரி மழையிலும் அசராமல் தெருவைச் சுற்றிவரும் ‘ஊர் காப்பாளர்’ இருக்கிறார்கள். சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஊர்க்காவலுக்கு ஒரு வரியே இருக்கிறது.

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் வந்தால் இந்த ஊர்க்காவலரைப் பார்க்கலாம். அக்னி தீர்த்தத்தில் கூட்டம் நெருக்கும்போது வாயில் விசிலோடு, முழங்கால் வரை ஈரமான காக்கி பேண்டோடு, ஆழத்துக்குப் போகும் பாட்டிகளைக் கைப்பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டிருப்பார். மறுநாள் அவரே பட்டறையில் போட் இஞ்சினைக் கழற்றிக்கொண்டிருப்பார். டூட்டி போட்ட நாளுக்குத்தான் படி, அதைப் போலீஸின் குறைந்தபட்சச் சம்பளக் கணக்குக்குக் கொண்டுவரச் சொல்லி 2015-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அவரை ‘அதிகாரி’ என்று கூப்பிட்டுப் பாருங்கள், கிண்டல் செய்கிறீர்கள் என்று முறைப்பார். ஆங்கிலத்தில் கான்ஸ்டபிளும் ஆபீசர்தான். தமிழில் காவலர் வேறு, அதிகாரி வேறு. வெளிநாட்டுச் செய்தியில் மட்டும் தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரரெல்லாம் அதிகாரி ஆகிவிடுகிறார்.

இன்னொரு குழப்பமும் எங்கள் மாவட்டத்தோடு சம்பந்தப்பட்டது. போலீஸுக்கு உதவும் பொதுமக்களைச் சேர்த்த போலீஸ் நண்பர்கள் குழு (ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்) 1993-ல் இந்த ராமநாதபுரத்தில்தான் தொடங்கியது, அப்போது எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் தொடங்கியது. அது வேறு, ஊர்க்காவல் படை வேறு. நண்பர்கள் குழுவுக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. ஊர்க்காவலருக்குப் பணிக்கு அழைக்கப்பட்ட நேரத்தில் சட்டப்படியே உண்டு. 2020-ல் சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு நண்பர்கள் குழுவைத் தடை செய்தபோது, ‘தன்னார்வலர்கள்’ என்று ஒரே வார்த்தையில் எழுதியதைப் படித்துவிட்டு ஊர்க்காவல் படையையே கலைத்துவிட்டார்கள் என்று இங்கே டீக்கடையில் சண்டை. கடல் பக்கம் வந்தால் கேட்கவே வேண்டாம்: கடலோரக் காவல் படை மத்திய அரசு, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மாநிலப் போலீஸ், கடலோர ஊர்க்காவல் படையில் இருப்பது எங்கள் மீனவப் பையன்கள். மூன்றையும் மாற்றி மாற்றி எழுதாத பேப்பரை நான் பார்த்ததில்லை.

சரி, அமெரிக்க ஆளுக்கு என்னதான் சொல்வது? ஊர்க்காவலர் என்றே எழுதலாம், பாதிப் பொருத்தம். ஆனால் அவர்களில் பலர் இடுப்பில் துப்பாக்கியோடு தனியாக ரோந்து போகிறவர்கள், நம் ஊர்க்காவலர் அப்படி இல்லை. அதனால் நான் எழுதினால் துணைக்காவல் படை, அதில் இருப்பவர் துணைக்காவலர். துணை ராணுவம் நமக்குப் பழகிய சொல், அதே வரிசையில் உட்கார்ந்துவிடும். ‘துணை’ போட்டால் துணைக் கண்காணிப்பாளர், அதாவது டி.எஸ்.பி. மாதிரிப் பதவி ஆகிவிடாதா என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான், அதனால் முதல் முறை வரும் இடத்தில் ‘பகுதிநேர’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் மருமகனிடம் சொல்லி முடித்தேன். “ஹோம் கார்டு மாதிரின்னு போட்டிருந்தா அப்பவே புரிஞ்சிருக்கும் மாமா” என்று சொல்லிவிட்டுக் கயிறு ஏறப் போய்விட்டான்.