நின்ற மணிக்கூட்டுக்கு எண்ணெய் விடாதீர்கள்

இந்த ஆண்டில் இது மூன்றாவது. யாழ். நகரிலுள்ள பழைய கட்டடமொன்றின் கோபுர மணிக்கூடு நின்றுவிட்டதென்று அழைத்தார்கள். மேலேறிப் பெட்டியைத் திறந்ததும் தேங்காய் எண்ணெயின் சிக்கு வாடை அடித்தது. பித்தளைச் சில்லுகளின் பற்களுக்கிடையே பச்சைக் களிம்பும் புறா எச்சத்தின் தூசும் சேர்ந்து கறுத்த பசையாக அப்பியிருந்தன.

நின்றால் எண்ணெய் விட வேண்டும் என்ற எண்ணம் தையல் இயந்திரத்திலிருந்தும் சைக்கிளிலிருந்தும் வந்திருக்க வேண்டும். மணிக்கூட்டில் எண்ணெய் தேவைப்படுவது அச்சு முனைகள் சுழலும் துளைகளுக்கும், ஊசலோடு ஆடிச் சில்லின் பல்லை ஒவ்வொன்றாகத் தடுத்துத் தடுத்து விடுவிக்கும் கவையின் முகப்புக்குமே. அங்கும் அதற்கென்று உள்ள எண்ணெய் ஒரு துளி போதும். சில்லின் பற்களுக்கு எண்ணெயே கூடாது. பற்களில் படும் எண்ணெய் தூசைப் பிடித்து வைத்து, அரத்தைப் போல அவற்றை நாளும் பொழுதும் தேய்க்கும். தேங்காய் எண்ணெய் அதைவிடக் கேடானது: சிக்கடித்ததும் அதில் ஊறும் அமிலம் பித்தளையை அரிக்கும், மார்கழி விடியலில் போத்தலுக்குள் உறைகிற அதே எண்ணெய் அச்சுத் துளைக்குள்ளும் உறையும்.

பெரும்பாலும் கோளாறு வெளியே, முட்களில்தான் இருக்கும். நான்கு முகங்களின் முட்களையும் உள்ளேயிருக்கும் ஒரே பொறிதான் தண்டுகள் வழியே சுழற்றுகிறது. ஒரு முகத்தில் முள் வளைந்து உரசினால் நான்கும் நிற்கும். காற்று முட்களைத் தள்ளும் விசை ஊசலைத் தொடாதிருக்க ஆங்கிலேய மணிக்கூட்டு வடிவமைப்பாளர் டெனிசன் வகுத்த அமைப்போடுதான் ‘பிக் பென்’ எனப்படும் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மணிக்கூடு 1859இல் ஓடத் தொடங்கியது. 1875இல் இலங்கை வந்த வேல்ஸ் இளவரசரின் நினைவாக, கட்டடக் கலைஞர் ஸ்மித்தரின் வரைபடத்தின்படி 1882இல் எழுந்த நமது யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரமும் அக்காலத்ததே. போரில் சிதைந்து, மீண்டும் திருத்தப்பட்ட கோபுரம் அது. இத்தகைய பொறிகளை அடுப்படி எண்ணெயால் இழப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

பொறுப்பாளர்களே, நின்றால் முள்ளைப் பின்னோக்கித் திருப்பாதீர்கள். மணியடிக்கும் பொறி குழம்பும். பொறியை ஓட்டும் பாரக்கட்டைகள் தொங்கும்போது கவையைக் கழற்றவே வேண்டாம். தடையற்றுச் சுழலும் சில்லு பல்லை உடைக்கும், விரலையும் நசுக்கும். முதலில் கீழே நின்று நான்கு முகங்களையும் பாருங்கள். எந்த முள் கோணியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, பழக்கமுள்ளவரை அழையுங்கள். தயவுசெய்து, கோபுர அறையிலிருக்கும் அந்த எண்ணெய்ப் போத்தலை இன்றைக்கே கீழே இறக்கிவிடுங்கள்.