மின்தூக்கிக் குழியிலிருந்து குரல் கேட்கிறதா?

புதிய வாக்கி-டாக்கிகளுக்கு ஏலக்குத்தகை ஆவணம் தயாரிக்கும் அதிகாரிகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் ஊழியர்களில் ஆக ஆழமான இடத்தில் நின்று வேலை பார்ப்பவர் யார்? எத்தனை செட்டுகள், என்ன விலை, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதெல்லாம் அவர்கள் கைவசம் தயாராக இருக்கும். மின்தூக்கிக் குழிக்குள் இறங்குபவரும், அடித்தள நீரேற்று அறையில் வால்வைத் திருப்புபவரும், பன்மாடிக் கார் நிறுத்துமிடத்தின் கடைசித் தளத்தைக் கழுவுபவரும் அந்த ஆவணத்தில் எங்கும் இருக்கமாட்டார்கள். வானொலித் தொடர்பை நிறுவிப் பராமரிப்பது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அவர்களிடமிருந்து தொடங்காவிட்டால் எவ்வளவு செலவிட்டாலும் அது மேம்பாடு ஆகாது.

சிங்கப்பூரில் தனி மாநகராட்சி என்று ஓர் அமைப்பு கிடையாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பேட்டைகளின் பொது இடங்களை நகர மன்றங்கள் பராமரிக்கின்றன. 1986இல் அங் மோ கியோவில் சோதனை முறையில் தொடங்கி, 1988இல் தனிச் சட்டம் பெற்ற ஏற்பாடு அது. பூங்காக்களையும் சாலையோர மரங்களையும் தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொள்கிறது. வடிகால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு. இவற்றுக்காகக் களத்தில் உழைப்பவர்களில் ஒப்பந்ததாரர்களிடம் பணிபுரியும் வெளிநாட்டு ஊழியர்கள் ஏராளம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் சேர்ந்திருக்கும் குழுக்களில் செட்டில் கேட்பது தமிழ்தான். ஆவணம் எழுதும் அதிகாரியும் செட்டை இடுப்பில் மாட்டியிருக்கும் மேற்பார்வையாளரும் இதைச் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பழைய அனலாக் செட்டுகள் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் உதிரிபாகங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. அலைவரிசையிலும் நெருக்கடி. அலையை வாங்கி வலுவாக்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வைத்து இயங்கும் கட்டமைப்புக்குத் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க இந்தச் சிறு தீவில் இடம் இல்லை. வடக்கே ஜொகூர் பாரு, தெற்கே பாத்தாம் என்று அண்டை ஊர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அதனால்தான் மலேசியாவும் புருணையும் சிங்கப்பூரும் கூட்டுக் குழு அமைத்து அலைவரிசை ஒதுக்கீட்டை ஒருங்கிணைக்கின்றன.

டிஜிட்டல் முறை இந்த நெருக்கடியைக் குறைக்கிறது. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலைக் கழகம் 2005இல் வெளியிட்ட, டிஜிட்டல் வாக்கி-டாக்கிகளுக்கான டிஎம்ஆர் தரநிலை, 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே சேனலை நேரத்தால் இரண்டாகப் பகிர்கிறது. 30 மில்லிவிநாடி ஒருவருக்கு, அடுத்த 30 மில்லிவிநாடி இன்னொருவருக்கு என்று இரண்டு உரையாடல்கள் மாறி மாறிச் செல்கின்றன. துப்புரவுக் குழுவும் மின்தூக்கிக் குழுவும் ஒரே அலைவரிசையில் ஒன்றையொன்று குறுக்கிடாமல் பேசலாம். பேசும்போது செட் பாதி நேரமே அலையை வெளியிடுவதால் பேட்டரியும் கூடுதலாகத் தாங்கும். டெட்ரா என்ற இன்னொரு டிஜிட்டல் முறை 25 கிலோஹெர்ட்ஸில் நான்கு உரையாடல்களுக்கு இடம் தருகிறது. காவல்துறை, விமான நிலையம் போன்ற பெரிய அமைப்புகளுக்கு அது பொருந்தும். ஒரு நகர மன்றத்துக்கு டிஎம்ஆர் போதும் என்பது என் கருத்து.

ஆனால் டிஜிட்டலின் குணம் வேறு. அனலாக்கில் அலை பலவீனமாகும்போது இரைச்சல் படிப்படியாகக் கூடும். கரகரப்புக்கு நடுவிலும் பழகிய காது சொல்லைப் பிடித்துவிடும். "கொஞ்சம் நகர்ந்து நின்று பேசுங்கள்" என்று சொல்லவும் வாய்ப்பு இருக்கும். டிஜிட்டலில் எல்லை வரை குரல் தெளிவாக வரும். எல்லையைத் தாண்டிய நொடியில் ஒன்றுமே வராது. அந்த எல்லை எங்கே விழுகிறது என்று தெரியாமல் ஊழியரின் கையில் செட்டைக் கொடுப்பது ஆபத்தானது.

இதன் விலை என்ன என்பதற்கு நியூயார்க் தீயணைப்புத் துறையின் கதை சான்று. 2001 மார்ச்சில் அங்கே புதிய டிஜிட்டல் செட்டுகள் களத்துக்கு வந்தன. சில நாட்களிலேயே, குவீன்ஸ் வட்டாரத்தில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் சிக்கிய வீரரின் அபயக் குரல் வெளியே நின்றவர்களுக்கு எட்டவில்லை. செட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று வீரர்கள் பழைய செட்டுகளோடுதான் உலக வர்த்தக மையத்துக்குள் சென்றார்கள். அங்கே 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு பொருத்திய ரிப்பீட்டர் இருந்தது. அதை முழுமையாக இயக்க இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும். ஒன்றுதான் அழுத்தப்பட்டிருந்தது என்று விசாரணை ஆணையம் பதிவுசெய்திருக்கிறது. வடக்குக் கோபுரத்தில் இருந்த தலைமை அதிகாரிகள் அது பழுதாகிவிட்டதாக எண்ணி ஒதுக்கிவிட்டார்கள். அன்று 343 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். எல்லா இறப்புக்கும் வானொலிதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வெளியேறும்படி சொன்ன உத்தரவு பலருடைய காதில் விழவே இல்லை என்பது உண்மை.

ஆகவே, ஏலக்குத்தகைக்கு முன்பே பேட்டை முழுவதும் நடந்து அலையைச் சோதியுங்கள். செட்டைக் கையில் உயர்த்திப் பிடித்துச் சோதிப்பது வீண். வேலை செய்பவர் அதை இடுப்பில்தான் மாட்டியிருப்பார். அவருடைய உடலே அலையின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். மின்தூக்கியின் கதவை மூடிவிட்டுப் பேசுங்கள். கார் நிறுத்துமிடத்தைப் பகலில் மட்டும் பார்க்காதீர்கள். இரவில் கார்கள் நிறைந்த பிறகு மறுபடியும் போய்ப் பாருங்கள். முக்கியமாக, இரு திசையிலும் சோதிக்க வேண்டும். ரிப்பீட்டரின் ஆற்றல் பல பத்து வாட் இருக்கலாம்; கையடக்க செட்டுக்கு வழக்கமாக 4 வாட்தான். அடித்தளத்தில் இருப்பவருக்கு அலுவலகத்தின் குரல் நன்றாகக் கேட்கும், அவர் குரல் மட்டும் அலுவலகத்தை எட்டாது. இந்த நிலை அடிக்கடி காணப்படுவது. தன் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி அவர் காத்திருப்பார்.

இன்னொரு விஷயத்துக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை: பேசும் முறை. பெரும்பாலான டிஜிட்டல் கட்டமைப்புகளில் பொத்தானை அழுத்தியதும் செட் ரிப்பீட்டரிடம் அனுமதி கேட்கும். "பீப்" ஒலி வந்த பிறகே பேச வேண்டும். அனலாக்கில் பழகிய கை அழுத்தும்போதே வாயும் பேசத் தொடங்கிவிடும். முதல் அசைகள் காற்றோடு போகும். "பன்னிரண்டாவது மாடி" என்று சொன்னது "இரண்டாவது மாடி" என்று போய்ச் சேரும். மின்தூக்கியில் மாட்டிக்கொண்ட முதியவருக்காக ஆள் ஓடும்போது அந்தப் பத்து மாடி வித்தியாசம் சிறியதல்ல. எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லப் பழக்குங்கள்: "மாடி ஒன்று, இரண்டு". கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சியை ஊழியர்களின் மொழியிலேயே நடத்துங்கள். ஆங்கிலத்தில் ஒரு தாளை அச்சடித்துச் சுவரில் ஒட்டினால் பயிற்சி முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது.

இரைச்சலும் அப்படித்தான். டிஜிட்டல் செட் மனிதக் குரலை மட்டுமே எதிர்பார்த்து ஒலியைச் சுருக்குகிறது. புல்வெட்டியும் இலை ஊதும் இயந்திரமும் பக்கத்தில் ஓடினால் சொற்கள் சிதையும். அமெரிக்கத் தீயணைப்பாளர்கள் இதே சிக்கலைச் சந்தித்தார்கள். எச்சரிக்கை மணிகளின் ஓசையில் அவர்களின் டிஜிட்டல் பேச்சு புரியாமல் போனதை 2008 வாக்கில் அங்கே முறையாகச் சோதித்தார்கள். செட்டுகளை மதிப்பிடும்போது குளிரூட்டிய கூட்ட அறையை விட்டு வெளியே வந்து, இயந்திரம் ஓடும் புல்வெளியில் பேசிப் பாருங்கள்.

சிம் அட்டை போட்டுக் கைப்பேசிக் கட்டமைப்பு வழியே இயங்கும் செட்டுகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. தீவு முழுவதும் பேசலாம், ரிப்பீட்டரும் வேண்டாம் என்பதால் பலர் முழுமையாக அதற்கு மாற நினைக்கிறார்கள். துணைக் கருவியாக வைத்துக்கொள்ள நல்லது. அதை மட்டுமே நம்புவதை நான் எதிர்க்கிறேன். 2ஜி சேவை 2017இல் நின்றது, 3ஜி 2024இல். அந்தச் சேவைகளை நம்பி வாங்கிய கருவிகளின் ஆயுளும் அத்தோடு முடிந்தது. 2024 அக்டோபர் 8 அன்று இங்கே நிலத் தொலைபேசிச் சேவை பல மணி நேரம் தடைபட்டு, 995, 999 அவசர எண்களுக்கான அழைப்புகளும் பாதிக்கப்பட்டன. கைப்பேசிக் கட்டமைப்புக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். அன்று பேட்டைக்குள் ஒருவரோடொருவர் பேச, சொந்த ரிப்பீட்டரும் அதற்கு மாற்று மின்சாரமும் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டில் 160 நாட்களுக்கு மேல் இடி மின்னல் இருப்பதால், கூரைமேல் நிற்கும் ஆன்டெனாவுக்கு மின்னல் தடுப்பும் நல்ல நில இணைப்பும் கட்டாயம். செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இவைதான்.

பேச்சைப் பிறர் ஒட்டுக்கேட்க முடியாதபடி மாற்றும் மறையாக்கம் பற்றிச் சுருக்கமாக ஒன்று. "பாதுகாப்பானது" என்ற சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். டெட்ராவின் மறையாக்க முறைகளில் ஒன்றில் 80 பிட் சாவி உள்ளுக்குள் 32 பிட்டாகச் சுருங்கி, உடைக்க எளிதாகிவிடுவதை மிட்நைட் ப்ளூ என்ற டச்சு ஆய்வு நிறுவனம் 2023இல் வெளிப்படுத்தியது. எந்த முறை, எத்தனை பிட் என்று எழுத்தில் கேளுங்கள்.

அவசரப் பொத்தானும், ஆள் விழுந்தால் தானே எச்சரிக்கும் வசதியும் இரவில் தனியாக வேலை செய்பவர்களுக்குப் பெரிய காப்பு. அந்த எச்சரிக்கை யாருடைய மேசையில் ஒலிக்கும், இரவு மூன்று மணிக்கு அங்கே யார் இருப்பார்கள் என்று முடிவு செய்த பிறகே அதை வாங்க வேண்டும். ஜிபிஎஸ் அடித்தளத்தில் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். செட் தங்கள் இருப்பிடத்தைக் காட்டுகிறது என்பதை ஊழியர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அது தங்களைக் காப்பாற்றத்தான் என்று நம்பாதவர்கள் செட்டை அறையில் வைத்துவிட்டுப் போவார்கள்.

பழைய கட்டமைப்பை உடனே நிறுத்த வேண்டாம். இரண்டும் சில வாரங்கள் சேர்ந்து ஓடட்டும். இந்தக் காலத்தில் இரண்டு முறையிலும் பேசக்கூடிய செட்டுகள் உதவும். மாற்றம் முடிந்ததும் பழைய செட்டுகளில் நிரலிட்ட சேனல்களை அழித்த பிறகே மின்கழிவுக்கு அனுப்புங்கள். பேட்டரிகளைத் தனியே பிரித்துக் கொடுங்கள். ஆணையத்தின் உரிமத்தில் பழைய அலைவரிசை உங்கள் பெயரில் இன்னும் இருந்தால், அதைத் திருப்பி ஒப்படைத்துவிடுங்கள். வேறொரு குழு அதற்காகக் காத்திருக்கக்கூடும்.